காறை எலும்புக்கு மேலே விரல், கீழே வேகம்: கழுத்து, மார்பு ரத்தக்குழாய்க் காயங்களில் உயிர் பிழைப்பது எப்படி?

1989 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம். கோல் கம்பத்தருகே நடந்த மோதலில் எதிரணி வீரர் ஒருவரின் ஸ்கேட் பிளேடு, பஃபலோ சேபர்ஸ் அணியின் கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சக்கின் கழுத்தில் பட்டு, தலையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் ஜுகுலர் சிரையை அறுத்துவிட்டது. அணியின் உடல்நல உதவியாளர் ஜிம் பிட்சுடெல்லி வியட்நாம் போரில் ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர். அவர் ஓடிவந்து, காயத்தில் கையை வைத்து, அறுந்த குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மருத்துவர்கள் பொறுப்பேற்கும்வரை விடவில்லை. சுமார் 300 தையல் போட வேண்டியிருந்தது. மலார்ச்சக் பிழைத்தார், இரண்டு வாரத்துக்குள் மறுபடி ஆட்டத்துக்கே வந்துவிட்டார்.

2008 பிப்ரவரி 10, அதே பஃபலோ. புளோரிடா பாந்தர்ஸ் அணியின் ரிச்சர்ட் ஸெட்னிக்கின் கழுத்தில் சொந்த அணி வீரரின் ஸ்கேட் பட்டது. இந்த முறை அறுபட்டது, தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டே அவர் சறுக்கியபடி தன் அணி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். துண்டை வைத்து அழுத்தி, நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். அவரும் பிழைத்தார். ஆனால் 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இதே போலக் கழுத்தில் வெட்டுப்பட்ட நாட்டிங்ஹாம் பாந்தர்ஸ் வீரர் ஆடம் ஜான்சன் இறந்துபோனார். அவருக்கும் ஆடுகளத்திலேயே உதவி தொடங்கியிருந்தது.

பெரிய ரத்தக்குழாய் அறுந்தவர் பிழைத்தார் என்று கேட்டால் நாம் உடனே நினைப்பது அறுவை சிகிச்சை நிபுணரின் கைத்திறனை. அந்தத் திறன் இல்லாமல் யாரும் வீடு திரும்ப முடியாது, சரி. ஆனால் நோயாளி அந்தக் கைக்கு உயிரோடு போய்ச் சேருவாரா என்பது அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அதில் பெரிய பங்கு காயம் இருக்கும் இடத்துக்கு. தோளுக்கு முன்னால் குறுக்கே ஓடும் காறை எலும்பை ஓர் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே அறுந்தால் அருகில் இருப்பவரின் விரல் எட்டும். அதற்குக் கீழே, விலா எலும்புக் கூட்டுக்குள் அறுந்தால் யாருடைய விரலும் எட்டாது, வேகம் ஒன்றுதான் வழி. குழாய் என்னவோ ஒன்றின் தொடர்ச்சிதான். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் கிளைகளே கழுத்தில் கரோட்டிடாக ஏறுகின்றன.

பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் 2 லிட்டர் போனாலே உயிர் ஊசலாடத் தொடங்கும். கரோட்டிடில் பெரிய வெட்டு விழுந்து தடுக்க ஆளில்லை என்றால் அந்த அளவு போகச் சில நிமிடங்கள் போதும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. முழுவதும் துண்டான தமனியைவிடப் பாதி அறுந்த தமனி சில நேரம் ஆபத்தானது. முழுதாக அறுந்தால் இரண்டு முனைகளும் உள்ளிழுத்துச் சுருங்கும், ரத்தம் உறைய வாய்ப்புக் கிடைக்கும். பாதி அறுந்தது சுருங்க முடியாமல் வாய் திறந்தபடியே நிற்கும்.

சிரையில் அழுத்தம் குறைவு என்பதால் விரலுக்குச் சீக்கிரம் அடங்கும். ஆனால் அதற்கென்று தனி ஆபத்து இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது, திறந்திருக்கும் கழுத்துச் சிரை வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளலாம். அந்தக் காற்று இதயத்துக்குப் போனால் ரத்த ஓட்டமே அடைபடும். ஆளை நிமிர்த்தி உட்காரவைக்காமல் படுக்கவைத்து, காயத்தை மூடி அழுத்தச் சொல்வது இதனால்தான். வாயிலும் தொண்டையிலும் ரத்தம் நிறைந்து மூச்சுத் திணறினால் மட்டும் மூச்சுக்கு எது வசதியோ அந்த நிலைதான் முதலில்.

கழுத்துக் காயத்தின் வரலாறு, குழாயைக் கட்டிப்போடுவதில் தொடங்குகிறது. 1552-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ராய்ஸ் பாரே, காயம்பட்ட ஒரு வீரனின் கரோட்டிட் தமனியையும் ஜுகுலர் சிரையையும் நூலால் கட்டி உயிரைக் காப்பாற்றினார். அந்த வீரன் பிழைத்தான், ஆனால் ஒரு பக்கம் செயலிழந்து பேச்சும் போய்விட்டது. மூளைக்குப் போகும் வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் அங்கே பார்த்தது. அடுத்த மூன்றரை நூற்றாண்டுக்கும் இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

அந்த வழி பிறந்ததற்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. 1894 ஜூனில் பிரான்ஸ் அதிபர் சாடி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றுக்குள் இருந்த பெரிய சிரை ஒன்று அறுந்திருந்தது. சுற்றி நின்ற மருத்துவர்கள் யாருக்கும் அதைத் தைக்கத் தெரியவில்லை, அதிபர் சில மணி நேரத்தில் இறந்தார். அதே ஊரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் அலெக்ஸி கேரலை இந்தச் சாவு உலுக்கியது. ரத்தக்குழாயையும் துணியைப் போலத் தைக்க முடியாதா என்று கேட்டார். மெல்லிய ஊசியும் பட்டு நூலும் எடுத்து, லியோனின் பூத்தையல் கலைஞர் ஒருவரிடம் போய்த் தையல் கற்றார். 1902-இல் அவர் வெளியிட்ட முறையில், குழாயின் வட்ட வாயை மூன்று புள்ளிகளில் இழுத்து முக்கோணமாக்கி, நேர்க்கோட்டில் தைக்க வேண்டும். 1912-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் கரோட்டிடைத் தைக்கும் கை அடிப்படையில் கேரல் வகுத்த வழியில்தான் நகர்கிறது.

தைக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் வந்த கேள்வி, யாரைத் திறந்து பார்ப்பது, எப்போது என்பது. 1956-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரிலிருந்து ஃபோகல்மேன், ஸ்டீவர்ட் இருவரும் 100 கழுத்துக் காயக்காரர்களின் கணக்கை வெளியிட்டார்கள். உடனே திறந்து பார்க்கப்பட்டவர்களில் 6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தாமதமாகத் திறக்கப்பட்டவர்களிலும் திறக்காமல் விடப்பட்டவர்களிலும் 35 சதவீதம். அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு, கழுத்துத் தோலடியில் இருக்கும் மெல்லிய தசைப்படலத்தைக் காயம் தாண்டியிருந்தால் அறுவை அரங்குக்குக் கொண்டுபோ என்பதுதான் விதி. உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் திறந்து பார்த்த கழுத்துகளில் ஏறக்குறைய பாதியில் உள்ளே சரிசெய்ய ஒன்றுமே இருக்கவில்லை.

இன்றைய நடைமுறை அந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்துக் கட்டியது. ரத்தம் பீறிட்டு அடிப்பது, கழுத்து வீக்கம் கண்முன்னே பெருப்பது, காயத்தில் காற்றுக் குமிழி வருவது, ரத்த அழுத்தம் சரிவது, ஒரு பக்கக் கைகால் இழுத்துக்கொள்வது போன்ற உறுதியான அறிகுறிகள் இருந்தால் எந்த ஸ்கேனுக்கும் காத்திருக்காமல் அறுவை அரங்கு. நோயாளி நிதானமாக இருந்தால் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம். அதில் குழாய்கள் சரியாகத் தெரிந்தால் கத்தியே வேண்டாம், கண்காணித்தால் போதும். இந்த மாற்றத்தை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன். தேவையில்லாமல் திறக்கப்படும் கழுத்தில் குரல் நரம்புக்கும் ஆபத்து உண்டு.

அறுவை அரங்கில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் காயத்துக்குக் கீழேயும் மேலேயும் நல்ல நிலையில் உள்ள குழாயைக் கண்டுபிடித்துக் கிளாம்ப் (இடுக்கி) போட வேண்டும். அதுவரை வெளியே அழுத்திக்கொண்டிருக்கும் கை நகரக் கூடாது. பல நேரம் அந்தக் கையோடு சேர்த்தே மருந்து தடவி, மேலே பச்சைத் துணி விரிப்பார்கள். நேரான வெட்டு என்றால் பக்கவாட்டில் தைத்துவிடலாம். சிதைந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, நோயாளியின் காலிலிருந்து எடுத்த சிரையை ஒட்டாக வைத்துத் தைப்பார்கள். மூளை பட்டினி கிடக்கக் கூடாது என்பதால் தேவைப்பட்டால் தைக்கும் நேரத்துக்கு மட்டும் சிறு குழாய் ஒன்றை உள்ளே செருகி ரத்தத்தை ஓடவிடுவார்கள். ஒரு பக்க ஜுகுலர் சிரையைக் கட்டிப்போட்டாலும் பெரும்பாலும் பாதகமில்லை, மறுபக்கம் சமாளிக்கும். முகத்துக்குப் போகும் வெளிக் கரோட்டிடையும் கட்டலாம். மூளைக்குப் போகும் உள் கரோட்டிடையும் பொதுக் கரோட்டிடையும் முடிந்தவரை தைக்கத்தான் பார்ப்பார்கள், பாரே கண்ட பக்கவாதம் இன்றும் அங்கேயே காத்திருக்கிறது.

கத்திக்குத்துக் காயங்கள் மிகுந்த தென்னாப்பிரிக்காவில் மருத்துவர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த ஓர் எளிய உத்தி என்னை எப்போதும் வியக்க வைக்கும். எல்லா வார்டிலும் கிடைக்கும், சிறுநீர் வெளியேற்றப் பயன்படும் ஃபோலி கத்தீட்டரை எடுத்துக் கழுத்துக் காயத்தின் துவாரத்துக்குள் விட்டு, அதன் நுனி பலூனைத் தண்ணீரால் நிரப்பி, வாயைத் தைத்துவிடுவார்கள். விரல் எட்டாத ஆழத்தில் பலூன் போய் அழுத்தும். கேப்டவுனின் க்ரூட் ஷூர் மருத்துவமனை இதில் நல்ல பலன் கண்டு 2006-இல் எழுதியது. விலை குறைந்த இந்தப் பொருள், பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரத்தை வாங்கித் தருகிறது. நம் தாலுகா மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இதைச் சொல்லிக்கொடுக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

ரத்தமே தெரியாத கழுத்துக் காயமும் உண்டு. வண்டி மோதலில் தலை சட்டென்று திரும்பி, பின்னால் சாயும்போது கரோட்டிடின் உள்சுவர் கிழியும். சீட் பெல்ட் கழுத்தில் பதித்த தழும்பு மட்டும்தான் வெளியே தெரியும், சில நேரம் அதுவும் இருக்காது. ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்கு ஏறி, சில மணி நேரத்திலோ மூன்று நான்கு நாட்களுக்குள்ளோ பக்கவாதம் வரும். இதற்குப் பெரும்பாலும் கத்தி தேவையில்லை. முன்கூட்டியே ஆஞ்சியோவில் கண்டுபிடித்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது ஹெப்பாரின் கொடுத்தால் பல பக்கவாதங்களைத் தடுக்கலாம். முகமும் தாடையும் மோசமாக உடைந்தவர்கள், கழுத்தெலும்பு முறிந்தவர்கள், தலை ஸ்கேன் சாதாரணமாக இருந்தும் கைகால் இழுப்பவர்கள் ஆகியோருக்கு இதைத் தேட வேண்டும்.

இனி எல்லைக்குக் கீழே போவோம். மார்புக்கூட்டின் வாசலில், காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனி, நிபுணருக்கே எளிதில் எட்டாது. வலப்பக்கம் என்றால் நெஞ்செலும்பை நடுவில் பிளந்து போக வேண்டும். இடப்பக்கத் தமனி பின்னால் தள்ளி இருப்பதால் விலா இடுக்கு வழியாக முதலில் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் நோயாளி தாங்கும் நிலையில் இருந்தால், தொடையிலோ கையிலோ ஊசி போட்டு உள்ளே அனுப்பும் உறையிட்ட ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாயால் ஓட்டையை அடைப்பது இங்கே வேகமாகப் பரவியது. ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியமானது: இப்படிக் காயப்பட்ட பக்கக் கையில் டிரிப் ஏற்றக் கூடாது. ஏற்றும் திரவம் இதயத்துக்குப் போகாமல் காயத்தின் வழியே நெஞ்சுக்குள் கொட்டிவிடலாம்.

மார்புக்குள் நடக்கும் கிழிசல் எவ்வளவு சத்தமில்லாதது என்பதற்கு உலகமறிந்த உதாரணம் இளவரசி டயானா. 1997 ஆகஸ்ட் 31 நள்ளிரவு தாண்டி 12.23 மணியளவில் பாரிஸின் ஆல்மா சுரங்கப் பாதையில் கார் மோதியது. அவர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரை கிழிந்திருந்தது. வெளியே பெரிய காயம் தெரியவில்லை, ஆரம்பத்தில் நினைவும் இருந்தது. மருத்துவரே ஆம்புலன்ஸில் வந்து சம்பவ இடத்தில் சிகிச்சை தொடங்குவது பிரான்ஸின் வழக்கம். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது மணி 2.06. நெஞ்சைத் திறந்து கிழிசலைத் தைத்தார்கள், இதயத்தைக் கையால் பிசைந்தார்கள். 4 மணிக்கு மரணம் அறிவிக்கப்பட்டது. சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. மிக அரிதான, மிகக் கொடிய காயம் அது. எனவே உறுதியாக எதுவும் சொல்வது நியாயமில்லை. ஆனால் உள்ளே கசியும் மார்புக்குச் சாலையோரத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதில் விவாதமில்லை.

வாகன மோதலில் மார்புக்குள் அதிகம் கிழிவது பெருந்தமனி, அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில். பேருந்து சடன் பிரேக் போட்டால் கம்பியைப் பிடித்த கை அங்கேயே நிற்க, உடம்பு முன்னால் பாயும் அல்லவா? பெருந்தமனியின் வளைவு அப்படித்தான் இதயத்தோடு முன்னால் பாய்கிறது, முதுகெலும்பை ஒட்டிய கீழ்ப்பகுதி பிடித்த பிடியில் நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், இடது சப்கிளேவியனுக்குச் சற்றுக் கீழே, சுவர் கிழிகிறது. 1958-இல் பார்ம்லி குழுவினர் 275 பேரின் பெருந்தமனிக் கிழிசல்களை ஆராய்ந்து எழுதினார்கள். ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் உடனடியாக இறந்திருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களைத் தாங்கியது வெளியடுக்கின் மெல்லிய படலம் மட்டுமே.

அந்த மிச்சப் பேரைக் காப்பாற்றும் கதைதான் கடந்த 40 ஆண்டுகளில் தலைகீழாக மாறியது. முன்பு இடப்பக்க நெஞ்சைத் திறந்து, பெருந்தமனியைக் கிளாம்ப் போட்டு, செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பார்கள். கிளாம்ப் போட்ட நேரம் முழுக்க முதுகுத் தண்டுவடத்துக்கு ரத்தம் குறையும். 1997-இல் வந்த அமெரிக்கப் பலமருத்துவமனை ஆய்வில் 274 பேரில் 31 சதவீதம் பேர் இறந்தார்கள், அறுவை செய்யப்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உயிரோடு எழுந்தவருக்கு நடை போய்விடுவது எப்படிப்பட்ட பேரிடி என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்று வழி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1987-இல் அன்றைய சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வொலொடாஸ், விபத்தால் பெருந்தமனியில் உண்டான புடைப்பை, தொடைத் தமனி வழியே அனுப்பிய ஸ்டென்ட் குழாயால் அடைத்தார். உலகின் பெரும்பகுதிக்கு இது நெடுநாள் தெரியவே இல்லை. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 193 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஸ்டென்ட் முறையே செய்யப்பட்டிருந்தது. அவர்களில் இறந்தவர்கள் 7.2 சதவீதம், நெஞ்சைத் திறந்தவர்களில் 23.5 சதவீதம்.

இன்னொரு மாற்றம், அவசரப்படாமல் இருப்பது. கிழிசல் உள்சுவரோடு நின்றால் பெரும்பாலும் மருந்தும் மறுஸ்கேனும் போதும். புடைத்திருந்தால்கூட நோயாளி நிலையாக இருக்கும்வரை இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மருந்தால் கட்டுக்குள் வைத்து, முதலில் மூளைக் கசிவையோ கல்லீரல் கிழிசலையோ கவனித்துவிட்டு வரலாம். முழுவதும் வெடித்தது மட்டும் உடனே.

ரத்த அழுத்தம் பற்றிச் சொல்லும்போது, 1994-இல் ஹூஸ்டன் நகரிலிருந்து பிக்கெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. உடற்பகுதியில் குத்தோ சூடோ பட்டு அழுத்தம் சரிந்த 598 பேரில், வழியிலேயே சலைன் ஏற்றப்பட்டவர்களில் 62 சதவீதம் பிழைத்தார்கள். அறுவை அரங்கு வரை சலைனை நிறுத்தி வைத்தவர்களில் 70 சதவீதம். ஓட்டையை அடைக்காமல் அழுத்தத்தை ஏற்றினால் உறைந்து நின்ற ரத்தக்கட்டு பிய்த்துக்கொண்டு போகும், ரத்தமும் நீர்த்துப்போகும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஏற்ற வேண்டியது ரத்தம். உறைந்த ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமில ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் அதுவும் உதவும். 2010-இல் வெளியான, இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்ற 20,000 பேர் கொண்ட சோதனை அதைக் காட்டியது, மருந்தும் விலை மலிவு. இதயம் நின்ற பின் அவசரப் பிரிவிலேயே நெஞ்சைத் திறப்பது கடைசிக் கை. கத்திக்குத்து என்றால் ஆறில் ஒருவர் அளவுக்குப் பிழைக்கிறார்கள், வண்டி மோதல் என்றால் நூறில் ஒன்றிரண்டு பேர்.

தமிழ்நாட்டில் இந்தக் காயங்கள் அரிதல்ல. ஆண்டுக்கு 17,000 பேருக்கும் மேல் சாலையில் சாகிறார்கள். சென்னையில் மாஞ்சா நூல் இருசக்கர வாகனத்தில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த சம்பவங்கள் பல, முன்னால் உட்கார்ந்து போன குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்த பிறகும் விற்பனை நின்றபாடில்லை. அந்த வெட்டு பெரும்பாலும் காறை எலும்புக்கு மேலேதான், விரல் எட்டும் இடத்தில். சுத்தமான துணியை மடித்து, ரத்தம் வரும் புள்ளியில் நேராக அழுத்தி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அப்படியே பிடித்தபடி வண்டியில் ஏற வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கட்டக் கூடாது. கத்தியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, அதுவே அடைப்பாக இருக்கலாம். போலீஸ் கேஸ் வரும் என்ற பயத்தில் ஒதுங்க வேண்டாம், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் உதவுகிறவர்களைப் பாதுகாக்கிறது.

நெஞ்சில் அடி என்றால் கணக்கு வேறு. பக்கத்து நர்சிங் ஹோமில் இறக்கி, எக்ஸ்ரே எடுத்து, இரண்டு பாட்டில் ஏற்றி, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்புவது நம் ஊரில் தினமும் நடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஆள் போகிறார். நெஞ்சைத் திறக்கவும் ஸ்டென்ட் வைக்கவும் வசதியுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 நேரே போவதே சரி. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவைப் பெருமளவு குறைத்தது, பணம் கட்டக் காத்திருந்த தாமதம் குறைந்தது. அடுத்ததாக, எந்தக் காயத்துக்கு எந்த மருத்துவமனை என்று ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் வழியிலேயே சொல்லும் ஏற்பாடு வலுப்பட வேண்டும்.

பிழைத்தவர்களின் பாடு வீட்டுக்குப் போன பிறகும் தொடர்கிறது. குரல் கம்மிப் போனவர்கள் உண்டு, சப்கிளேவியனோடு கை நரம்புக் கற்றையும் கிழிந்து கை வராமல் போனவர்கள் உண்டு. மலார்ச்சக் பல ஆண்டு மன நெருக்கடியில் தவித்ததை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தையல் பிரித்த அன்றே மனநல ஆலோசனையும் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் இருபது, முப்பது வயதுக்காரர்கள். வயதாக ஆகப் பெருந்தமனி விரியும், ஸ்டென்ட் விரியாது. அதனால் இடைவெளி விட்டு விட்டு ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நம் நோயாளிகளில் பலர் வேலைக்காக ஊர் மாறுகிறவர்கள், போன் எண்ணையும் மாற்றிவிடுகிறவர்கள். இரண்டாவது ஸ்கேனுக்கே பலர் வருவதில்லை. என்ன ஸ்டென்ட், என்ன அளவு, எந்தத் தேதி, அடுத்த ஸ்கேன் எப்போது என்ற நான்கு விவரத்தையும் தமிழில் எழுதிய ஒரு சிறு அட்டையை, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்பினால், அவர் போகும் எந்த ஊரிலும் அடுத்த மருத்துவர் அங்கிருந்து தொடரலாம்.